எலி பலகை பிடித்தால் அது நிஜம்

போன மாதம் வேறு எதற்கோ பதில் சொல்லும்போது, என் மகன் 'ஹாரிபிள் ஹிஸ்டரீஸ்' பார்த்தே வரலாறு படித்தவன் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. சரி, இந்த மாதம் முழுக்க அதுவே இருக்கட்டும். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: டெர்ரி டியரி எழுதி மார்ட்டின் பிரவுன் படம் போட்ட புத்தக வரிசையை வைத்து, பிபிசியின் சிறுவர் சேனலான சிபிபிசி 2009 ஏப்ரலில் தொடங்கிய நகைச்சுவைத் தொடர் அது. அரை மணி நேரம் ஓடும். குட்டிக் குட்டி நாடகங்கள், நடுவில் பாட்டு, எல்லாவற்றையும் கோத்துக்கொடுக்க ராட்டஸ் என்று ஒரு பொம்மை எலி.

*

கேள்வி: அக்கா, என் மகனுக்கு ஒன்பது வயது. சாப்பிட உட்கார்ந்தால், "அம்மா, ரோமானியர்கள் மூத்திரத்தில் துணி துவைத்தார்கள் தெரியுமா" என்று ஆரம்பிக்கிறான். எங்கே படித்தாய் என்றால் அந்த நிகழ்ச்சியைச் சொல்கிறான். பிள்ளைகளுக்கு இதையெல்லாம் காட்டலாமா? (ஹாரோவிலிருந்து ஓர் அம்மா)

பதில்: பையன் பொய் சொல்லவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரோமானியச் சலவைக்காரர்கள் தெருமுனையில் ஜாடி வைத்து, போகிறவர் வருகிறவரின் சிறுநீரைச் சேர்த்தார்கள். அதைச் சில நாள் அப்படியே விட்டால் அம்மோனியா உண்டாகும். அம்மோனியா எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடும். துணியைத் தொட்டியில் போட்டு, ஆட்கள் உள்ளே இறங்கிக் காலால் மிதிப்பார்கள். இத்தாலியின் பொம்பெய் (Pompeii) நகரில் அந்தச் சலவைக்கூடங்களை இன்றும் பார்க்கலாம். வெஸ்பேசியன் என்ற பேரரசர் இந்தச் சிறுநீருக்கு வரியே போட்டார். இது என்ன அசிங்கம் என்று மகன் டைட்டஸ் முகம் சுளித்தபோது, வரியில் வந்த காசை அவன் மூக்கருகே நீட்டி, "நாறுகிறதா?" என்று கேட்டாராம். இதை எழுதிவைத்தவர் ஸ்வெட்டோனியஸ் என்ற பழைய ரோமானியர். சிபிபிசிக்காரர்கள் இட்டுக்கட்டியது அல்ல.

அதனால் அடுத்த முறை அதட்டாமல், "ஏன் மூத்திரம்? தண்ணீர் போதாதா?" என்று கேட்டுப் பாருங்கள். அம்மோனியா வரைக்கும் வந்துவிட்டான் என்றால் ஒரு வேதியியல் பாடம் மிச்சம். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் கூடாது என்று ஒரு சட்டம் போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் போட்டிருந்தோம். தட்டைக் கழுவி வைத்த பிறகுதான் ரோமானியர், டியூடர், பிளேக் எல்லாம். அதுவரை முக்கால் மணி நேரம் சோற்றை அளைந்துகொண்டிருந்த பிள்ளை, பத்து நிமிஷத்தில் தட்டைக் காலி செய்ய ஆரம்பித்தான்.

இன்னொன்று. பிள்ளைகளுக்கான வரலாற்று நிகழ்ச்சிகள் பலவும் கசப்பு மருந்தை வெல்லத்தில் பொதிந்து கொடுப்பது போல இருக்கும். பிள்ளைகள் வெல்லத்தை நக்கிவிட்டு மருந்தைத் துப்பிவிடுவார்கள். டியரி அப்படிச் செய்யவில்லை. பதிப்பகத்தார் அவரிடம் கேட்டது வரலாற்றை வைத்து ஒரு ஜோக் புத்தகம். ஊடே கொஞ்சம் தகவலும் தூவச் சொன்னார்கள். தேடப்போனால் ஜோக்கைவிடத் தகவல்தான் சுவாரசியமாக இருந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1993-ல் முதல் புத்தகங்கள் அப்படி வந்தன. தொலைக்காட்சியிலும் அதே கொள்கைதான். சமையல் போட்டி, மனைவி மாற்றும் நிகழ்ச்சி, கத்திக் கத்திப் பொருள் விற்கும் விளம்பரக்காரர் என்று சுற்றியிருக்கும் சட்டகம்தான் கேலி. உள்ளே இருக்கும் தகவல் பெரும்பாலும் அப்படியே இருக்கும். நாடகத்தின் நடுவே, இதை யாரும் நம்பமாட்டார்கள் என்கிற இடத்தில், எலி தலையை நீட்டி, இது நிஜமாகவே நடந்தது என்று எழுதிய பலகையைப் பிடிக்கும். எங்கள் வீட்டில் அந்தப் பலகைக்கு இருந்த மரியாதை எனக்குக்கூட இருந்ததில்லை. "எலி சொல்லிச்சா?" என்றுதான் மகன் எதையும் சரிபார்ப்பான்.

*

கேள்வி: என் பேத்திக்கு ஆறு வயது. அதில் கறுப்பு அங்கி போட்ட எமன் ஒருவர் வந்து, செத்தவர்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறார். எனக்கு மனசுக்கு ஒப்பவில்லையம்மா. (ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு பாட்டி)

பதில்: எமன் என்று சொன்னீர்களே அம்மா, அதைவிடப் பொருத்தமாக யாரும் பெயர் வைக்க முடியாது. 'ஸ்டுப்பிட் டெத்ஸ்' என்ற அந்தப் பகுதியில் நடிப்பவர் சைமன் ஃபார்னபி. செத்தவர்கள் வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, எப்படிச் செத்தாய் என்று கேட்பார். சித்திரகுப்தன் ஏடு புரட்டுகிற அதே காட்சிதான், இங்கே பாவ புண்ணியக் கணக்குக்குப் பதில் முட்டாள்தனக் கணக்கு. உண்மையாக நடந்ததால்தான் சிரிப்பு என்று அதற்கு ஒரு பல்லவியும் உண்டு. காதில் விழுந்தால் நாலு நாளைக்குப் போகாது.

அந்தப் பல்லவியால் நான் பட்டது தனிக்கதை. மகனுக்கு எட்டு வயது இருக்கும். உறவில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். துக்கத்துக்குப் போன வீட்டில், எல்லோரும் பேச்சில்லாமல் உட்கார்ந்திருக்கிறோம். இவன் சோபா மூலையில் காலை ஆட்டிக்கொண்டு அதைத்தான் முணுமுணுக்கிறான். வார்த்தை வெளியே வரவில்லை, மெட்டு மட்டும். எனக்குக் கை கால் உதறுகிறது. பக்கத்தில் இருந்த மாமி ஒருவர் அவன் தலையைத் தடவி, "பாவம், குழந்தை பெரியப்பாவுக்காக ஏதோ சுலோகம் சொல்கிறது" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை அந்த மாமியிடம் உண்மையைச் சொல்லவும் இல்லை. இதைப் படிக்கிறாரோ என்னவோ.

பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். சிபிபிசி ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரைக்குமான சேனல். ஆறு என்பது வாசற்படி. பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பயந்தால் நிறுத்துங்கள், சிரித்தால் விட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்குச் சாவைப் பற்றி நம்மைவிடக் கேள்வி அதிகம், யாரும் பதில் சொல்வதில்லை என்பதுதான் அவர்கள் குறை.

*

கேள்வி: இதைப் பார்த்தால் இயர் சிக்ஸ் தேர்வுக்கு உதவுமா? (குரோய்டனிலிருந்து ஓர் அப்பா)

பதில்: உதவாது. அந்த வகுப்பில் வைக்கும் சாட்ஸ் தேர்வில் வரலாறே கிடையாது, ஆங்கிலமும் கணக்கும்தான். ஆனால் முதலாம் வில்லியமில் ஆரம்பித்து இங்கிலாந்தின் ராஜா ராணிகளை வரிசையாகச் சொல்லும் ஒரு பாட்டு இருக்கிறது. அதை மனப்பாடம் செய்த பிள்ளை 1066 முதல் இரண்டாம் எலிசபெத் வரை மூச்சு விடாமல் ஒப்பிக்கும். மதிப்பெண் வராது, விருந்தாளி வந்தால் பெருமை வரும்.

*

கேள்வி: நாங்கள் இருப்பது லெஸ்டர். எங்கள் ஊர் கார் பார்க்கில் எலும்பாகக் கண்டெடுத்த மன்னர் மூன்றாம் ரிச்சர்டு அந்தத் தொடரில் வந்திருக்கிறாரா? (லெஸ்டர் வாசகர்)

பதில்: வந்திருக்கிறார், அதுவும் உங்கள் ஊரில் தோண்டுவதற்கு முன்பே! நடிகர் ஜிம் ஹோவிக் கிரீடத்தோடு நின்று, காதல் தோல்வி அடைந்தவர் மாதிரி உருகி உருகிப் பாடுவார். தன்னைக் கொடூரனாக்கியது டியூடர் வம்சத்தார் பரப்பிய பொய் என்பது அவர் முறையீடு. 1485-ல் பாஸ்வொர்த் போரில் அவரைத் தோற்கடித்துத்தான் டியூடர்கள் அரியணைக்கே வந்தார்கள். ஜெயித்தவன் வீட்டில் தோற்றவனுக்கு நல்ல பெயர் எப்படிக் கிடைக்கும்? எட்டு வயதுப் பிள்ளைக்கு இது புரிந்துவிட்டால், வரலாற்றில் ஒரு பெரிய பாடம் முடிந்தது என்று நான் சொல்வேன்.

2012-ல் எலும்பு கிடைத்தது. 2013 பிப்ரவரியில் அவர்தான் என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. 2015 மார்ச்சில் கதீட்ரலில் அடக்கம் செய்தார்கள். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது, அதனால் ஒரு தோள் உயர்ந்து தெரிந்திருக்கலாம். ஷேக்ஸ்பியர் காட்டிய கூனன் அல்ல. டியூடர்கள் ஒன்றுமே இல்லாததிலிருந்து கட்டவில்லை, இருந்ததை ஊதிப் பெரிதாக்கினார்கள். பொய் பெரும்பாலும் அப்படித்தான் உண்டாகிறது.

*

கேள்வி: ஆன்ட்டி, ராட்டஸ் நிஜ எலியா? (மில்டன் கீன்ஸ், வயது 7)

பதில்: இல்லை கண்ணா, பொம்மை. ஜான் எக்கிள்ஸ்டன் என்ற மாமா கையை உள்ளே விட்டு ஆட்டுகிறார், குரலும் அவருடையதுதான். ஆனால் பெயர் நிஜம். ராட்டஸ் ராட்டஸ் என்பது கறுப்பு எலியின் அறிவியல் பெயர். பிளேக் நோயைப் பரப்பியது எலிதான் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2018-ல் ஆஸ்லோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், மனிதர்கள் மேல் இருந்த பேனும் தெள்ளுப்பூச்சியும்தான் கூடுதலாகப் பரப்பியிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார்கள். ராட்டஸிடம் யாராவது மன்னிப்புக் கேட்டார்களா, தெரியவில்லை. நீ வேண்டுமானால் கேட்டு ஒரு கடிதம் எழுது.

*

கேள்வி: 'கோஸ்ட்ஸ்' தொடரில் வருபவர்களை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது என்று நான் சொல்ல, என் மகள், "அம்மா, இவங்க நம்ம ஹாரிபிள் ஹிஸ்டரீஸ் ஆட்கள்" என்கிறாள். நிஜமா? (ரீடிங் வாசகி)

பதில்: மகள் சொன்னது சரி. மேத்யூ பேன்டன், சைமன் ஃபார்னபி, மார்த்தா ஹோவ்-டக்ளஸ், ஜிம் ஹோவிக், லாரன்ஸ் ரிக்கார்ட், பென் வில்பாண்ட் ஆகிய ஆறு பேரும் 2009 முதல் 2013 வரை அந்தத் தொடரில் ராஜாவாகவும் பிச்சைக்காரராகவும் மாறி மாறி வேஷம் கட்டியவர்கள். சிறுவர் நிகழ்ச்சி முடிந்தது, அவரவர் வழியைப் பார்ப்போம் என்று பிரிந்து போகவில்லை. தாங்களே எழுதித் தாங்களே நடிக்கும் குழுவாகிவிட்டார்கள். 2019-ல் பிபிசி ஒன்னில் 'கோஸ்ட்ஸ்' வந்தது. ஒரு பழைய மாளிகை, அதில் வெவ்வேறு காலத்தில் செத்த பேய்கள். குகை மனிதர் ரிக்கார்ட், கழுத்தில் அம்பு தைத்த சாரணர் தலைவர் ஹோவிக், பேன்ட் இல்லாமல் செத்துப்போன எம்.பி. ஃபார்னபி. யோசித்துப் பார்த்தால் 'ஸ்டுப்பிட் டெத்ஸ்' வரிசையில் நின்றவர்களுக்கே ஒரு வீடு வாடகைக்குக் கொடுத்தது போலத்தான் இருக்கிறது. 2023 கிறிஸ்துமஸோடு முடித்துக்கொண்டார்கள்.

எமனாக வந்த ஃபார்னபிதான் பிள்ளைகள் கொண்டாடும் கரடிக் கதையான 'பேடிங்டன் 2' படத்தின் திரைக்கதையை இயக்குநர் பால் கிங்கோடு சேர்ந்து எழுதியவர். ஈஸ்ட் ஹாம் பாட்டி இதைக் கவனிக்க வேண்டும்.

இவர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்பது பெரியவர்களுக்கும் தெரியாமல் போகவில்லை. 2010-க்கான பிரிட்டிஷ் காமெடி விருதுகளில், பெரியவர்களுக்கான நிகழ்ச்சிகளோடு போட்டி போட்டு, சிறந்த ஸ்கெட்ச் நிகழ்ச்சி விருதைத் தட்டிக்கொண்டு போனது இது. 2011-ல் பிபிசி ஒன்னில் சில பகுதிகளைத் தொகுத்துப் போட்டபோது, எலியை எடுத்துவிட்டு நடிகர் ஸ்டீபன் ஃப்ரையை உட்கார வைத்தார்கள். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் எங்கள் வீட்டில் யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை.

*

கேள்வி: நான் என்ஹெச்எஸ் நர்ஸ். அந்தத் தொடரைப் பார்த்தே உங்கள் மகன் வரலாறு படித்தான் என்று நீங்கள் போன மாதம் எழுதியது அதிகம் அக்கா. மேரி சீக்கோல் விஷயத்தில் அவர்கள் செய்த தப்பு உங்களுக்குத் தெரியுமா? (பர்மிங்காம் வாசகி)

பதில்: தெரியும் தங்கச்சி, இதைக் கேட்பீர்களா என்று காத்திருந்தேன்.

ஒரு குட்டி நாடகத்தில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலும் மேரி சீக்கோலும் மோதிக்கொள்வார்கள். சீக்கோல் ஜமைக்காக்காரர் என்பதால் நைட்டிங்கேலே அவரைத் தன் நர்ஸ் குழுவில் சேர்க்காமல் விரட்டியது போல அதில் வரும். புகார் போனது. நைட்டிங்கேல் அப்படிச் செய்ததற்கு ஆதாரம் இல்லை என்று 2014-ல், அப்போது பிபிசியை மேற்பார்வையிட்ட பிபிசி டிரஸ்ட், நாடகம் துல்லியத்துக்கான விதியை மீறியது எனத் தீர்ப்புச் சொன்னது.

சரி, நடந்தது என்ன? சீக்கோல் 1857-ல் தன் வாழ்க்கையைத் தானே எழுதி வைத்திருக்கிறார், நான் வேலை செய்யும் நூலகத்தில் இருக்கிறது, எடுத்துப் படியுங்கள். கிரிமியப் போருக்கு நர்ஸாகப் போகக் கேட்டு, லண்டனில் போர் அலுவலகத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் கதவு சாத்தப்பட்டது. என் தோல் நிறம்தான் காரணமோ என்று தெருவில் நின்று கண் கலங்கியதையும் எழுதியிருக்கிறார். அப்புறம் தன் சொந்த முயற்சியில் கிளம்பிப் போனார். போகிற வழியில் ஸ்கூட்டாரி மருத்துவமனையில் நைட்டிங்கேலைச் சந்தித்தார். என்ன வேண்டும் என்று அவர் கேட்க, இரவு தங்க ஓர் இடம் என்றார் இவர். சலவைப் பெண்கள் இருக்கும் பகுதியில் படுக்கை கிடைத்தது. விடிந்ததும் கிளம்பிவிட்டார். இவ்வளவுதான். பாலக்லாவா பக்கத்தில் அவர் நடத்திய 'பிரிட்டிஷ் ஹோட்டல்' கதை அதற்கப்புறம்.

என் வருத்தம் வேறு. அந்த அலுவலகங்களில் இருந்த முகம் தெரியாத அதிகாரிகள் செய்ததை, எல்லோருக்கும் தெரிந்த ஒரு முகத்தின் மேல் ஏற்றிவிட்டார்கள். நாடகத்துக்கு அது வசதி. ஒரு பெண் இன்னொரு பெண்ணை விரட்டினால் சண்டை களைகட்டும். ஓர் அலுவலகம் விரட்டினால் என்ன சிரிப்பு வரும்? ஆனால் அலுவலகம் விரட்டியதுதான் நிஜம். நம்மில் எத்தனையோ பேருக்கு அந்தக் கதவைத் தெரியும். தகவலில் கை வைக்கமாட்டார்கள் என்று நான் புகழ்ந்த கொள்கையை அவர்களே மீறிய இடம் இது, சிரிப்பும் அதனால் மட்டமாகத்தான் வந்தது.

2016-ல் செயின்ட் தாமஸ் மருத்துவமனை வளாகத்தில் சீக்கோலுக்குச் சிலை வைத்தார்கள், நைட்டிங்கேல் தன் நர்ஸ் பள்ளியைத் தொடங்கிய அதே மருத்துவமனை. இதற்கும் ஒரு கூட்டம் எதிர்ப்புத் தெரிவித்தது. வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் வழியாகப் போனால் பாருங்கள். மருத்துவப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, காற்றை எதிர்த்து நடப்பது போல நிற்பார்.

*

கேள்வி: ராஜா ராணி கதையெல்லாம் சரி. இவர்கள் உலகத்தைச் சுரண்டியதைப் பற்றி அதில் ஏதாவது உண்டா, அல்லது வழக்கம் போல மழுப்பலா? (வெம்பிளி வாசகர்)

பதில்: உண்டு. ஒரு பாட்டில் விக்டோரியா மகாராணி பிரிட்டிஷ் தேநீர், பிரிட்டிஷ் சர்க்கரை, பிரிட்டிஷ் பருத்தி என்று பெருமை பேசுவார். கூட நிற்கும் வேலைக்காரர், மன்னிக்கணும் அம்மா, தேயிலை இந்தியாவிலிருந்து, சர்க்கரை கரீபியனிலிருந்து, அடிமைகள் உழைத்தது, என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வருவார். கடைசியில் மகாராணியின் கையில் பிரிட்டிஷ் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

வெளிவந்தபோது பிள்ளைகள் சிரித்துவிட்டுப் போன பாட்டு. 2020 ஜனவரி 31, பிரெக்ஸிட் நாளன்று, நகைச்சுவைக் கலைஞர் நிஷ் குமாரின் அறிமுகத்தோடு அதை மறுபடி போட்டபோதுதான் பெரியவர்களுக்குக் கோபம் வந்தது. பிபிசியிலேயே இருந்த ஒரு பிரபல அரசியல் தொகுப்பாளர் நாட்டுக்கு எதிரான குப்பை என்று சாடினார். பாட்டில் ஒரு சொல்லும் மாறவில்லை, கேட்ட தேதிதான் மாறியது.

ஆனால் உங்கள் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது. பிளேக்கையும் தலைவெட்டையும் காட்டுகிற தாராளம் பேரரசு விஷயத்தில் குறைவுதான். ஒரு பாட்டு போதாது. மிச்சத்தை நாம்தான் வீட்டில் சொல்ல வேண்டும்.

*

கேள்வி: நீங்கள் நூலகத்தில் வேலை செய்பவர். அந்த டெர்ரி டியரியே நூலகம் எதற்கு என்று கேட்டாராமே? உங்களுக்குக் கோபம் வரவில்லையா? (ஹவுன்ஸ்லோ வாசகர்)

பதில்: வராமல் என்ன! 2013-ல் சொன்னார். நூலகங்களின் காலம் முடிந்துவிட்டது, இலவசமாகப் படிப்பதற்கு எழுத்தாளன் ஏன் இளைக்க வேண்டும் என்பது அவர் வாதம். இங்கே நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் இரவல் போனால் எழுத்தாளருக்குச் சில பென்ஸ் போகும். அதற்கு உச்சவரம்பு உண்டு. அப்போது வருஷத்துக்கு 6,600 பவுண்டு. டியரி மாதிரி லட்சக்கணக்கில் இரவல் போகிறவருக்கு அது எரிச்சலாகத்தான் இருக்கும். மனிதருக்குப் பள்ளிக்கூடமும் பிடிக்காது, அதையும் ஒளிக்காமல் சொல்பவர். ஒழுங்காக வரிசையில் நின்றவர் இப்படிப் புத்தகம் எழுதியிருக்கவும் மாட்டார் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அவர் சொன்ன வாரம் எங்கள் கிளையில் சக ஊழியர் ஒருவர், அவருடைய புத்தகங்களை முன் மேசையிலிருந்து எடுத்துப் பின் அலமாரிக்குக் கொண்டுபோனார். ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. பள்ளிச் சீருடையில் ஒரு பெண் குழந்தை வந்து, "வைக்கிங் புத்தகம் எங்கே போச்சு?" என்று என் முன்னால் நின்றாள். காட்டினேன். மூன்றை எடுத்துக்கொண்டு, தரையிலேயே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சாயங்காலம் எல்லாவற்றையும் முன் மேசைக்கே தூக்கி வந்து வைத்தோம்.

அதில் 'ராட்டன் ரோமன்ஸ்' பிரதி ஒன்று இன்னும் இருக்கிறது. முதுகில் மூன்று முறை டேப் ஒட்டியிருக்கிறேன். நடுவில் ஒரு பக்கத்தில் ஜாம் கறை. மூத்திரச் சலவைக்கு அடுத்த பக்கம் என்று நினைக்கிறேன், யாரோ ஒரு பிள்ளை சாப்பாட்டு மேசைச் சட்டத்தை மீறியிருக்கிறது.